பேத்தமங்கலத்து ஏரிக்கரை

கோலார் தங்கவயல் என்றதும் வெளியூரார் சுரங்கத்தையே நினைப்பர். ஊரிகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கோ, சுரங்கத்தோடு ஓர் ஏரிக்கரையும் நினைவுக்கு வரும். நம் ஊரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேத்தமங்கலத்து ஏரிக்கரையே அது. அங்குள்ள பூங்காவுக்கு ஒரு முறையேனும் சோற்று மூட்டையோடு சென்று வராத தங்கவயல் குடும்பம் அரிது. ஆயினும், நாம் அமர்ந்து உண்ட அக்கரையின் வரலாற்றை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? யான் புலவன் அல்லேன். புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதுவோன். அறிந்த அளவில் சில சொல்லத் துணிகின்றேன்.

பேத்தமங்கலத்தின் பழம்பெயர் விஜயாதித்தமங்கலம். வாண மன்னர் வழியில் வந்த பெயர் இதுவென்பர் அறிஞர். கோலார்ப் பகுதியும் வடவார்க்காட்டின் மேற்பகுதியும் ஒருகாலத்தில் அவ்வாணர் ஆட்சியில் இருந்தவை. நந்திமலைப் பக்கம் தோன்றிவரும் பாலாற்றின் குறுக்கே கரையெழுப்பி அமைத்ததே இவ்வேரி. பத்தாம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்திலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒய்சளர் காலத்திலும் இது பழுது நீக்கிக் கட்டப்பெற்றது. அரசுகள் மாறின, கரை உடைந்தது, வந்தவர் மீண்டும் கட்டினர். இதுவே இவ்வேரியின் வரலாற்றுச் சுருக்கம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பழைய பெருவழியில் சிறந்திருந்த ஊர் பேத்தமங்கலம். 1864 ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை அமைந்தபோது, அது இவ்வூரைத் தொடாமற் சென்றது. பவுரிங்பேட்டை எழுந்தது, பேத்தமங்கலம் ஓய்ந்தது. இன்று அப்பவுரிங்பேட்டையே பங்காருப்பேட்டை எனப்படுகின்றது. இருப்புப்பாதையால் பிழைக்கும் நான் இதனைச் சொல்லச் சிறிது கூசுகின்றேன். எனினும் அந்த ஒதுக்கமே ஏரிக்கரைக்கு அமைதியைத் தந்தது எனலாம்.

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் பொறுப்பேற்றனர். 1894 இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை வந்தது. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பொன்னும் இருந்தது, ஆளும் வந்தனர், மின்னும் வந்தது. இல்லாதது நீர் ஒன்றே. கல்லை இடித்துப் பொன் பிரிக்கவும் நீர் வேண்டும். பல்லாயிரம் மக்கள் குடிக்கவும் நீர் வேண்டும். அந்நீரைத் தந்தது பேத்தமங்கலத்து ஏரியே. அங்கே நீரேற்று நிலையமும், நீரைத் தெளிவிக்கும் தொட்டிகளும் அமைந்தன. அவற்றை ஒட்டி மரம் நட்டனர்; பூச்செடி வைத்தனர்; விருந்தினர் மாளிகை கட்டினர். ஆக, நம் பூங்கா பூங்காவுக்கென்று பிறந்ததன்று; குடிநீர்ச் சாலையின் மடியிலே வளர்ந்த குழந்தை.

முதலில் அதன் இன்பத்தை நுகர்ந்தோர் வெள்ளைக்கார அதிகாரிகள். ஏரியிலே படகு செலுத்தினர்; மர நிழலில் விருந்துண்டனர். நம் பாட்டன்மார் அந்நாளில் பூமிக்கடியில் இருந்தனர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் ஆழ்ந்தது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. 1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962 இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. காலம் மாற மாற, லைன் வீடுகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்களும் ஏரிக்கரைக்கு வரலாயின.

நான் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபோது சென்ற நாள் மறவாதது. இரவு வேலை முடித்து வந்த தந்தையார் உறங்காமலே எங்களுடன் புறப்பட்டார். அன்னையார் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி வந்தார். நாங்கள் ஓடி விளையாட, தந்தையார் மட்டும் கரைமேல் அமர்ந்து நீரையே நோக்கியிருந்தார். அருகே சென்று, “ஏன் நைனா, தூக்கம் வருதா?” என்றேன்.

“இல்லடா. இது நம்ம ஊருக்குப் போவ வேண்டிய தண்ணி. அது போவல, நாமதான் இங்க வந்துட்டோம்,” என்றார்.

அன்று அதன் பொருள் விளங்கவில்லை. என் பாட்டனார் ஆம்பூரை அடுத்த சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். பாலாறு கன்னட நாட்டில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடுவது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எல்லாம் அதன் கரையூர்கள். நம்மவருள் மிகப் பலர் அவ்வூர்ப் பக்கத்தவரே. ஆற்றைப் பின்பற்றி மேலேறி வந்து, தம் ஊர் ஆற்று நீரையே இங்கே குழாயில் குடித்தவர் நம் முன்னோர். 1892 ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் பாலாறும் இடம் பெற்றது. நீர் பற்றிய வழக்கோ இன்றும் ஓயவில்லை. என் தந்தையார் ஒப்பந்தம் அறியாதவர், தாகம் அறிந்தவர்.

அவ்வாறு அழிக்கவும் வல்லது. 1903 நவம்பரில் மைசூர்ச் சீமையின் ஏரிகள் உடைபட, பெருவெள்ளம் வாணியம்பாடியிற் புகுந்து உயிர்கள் பலவற்றைக் கொண்டுசென்றது. 2021 நவம்பரில் பேத்தமங்கலத்து ஏரி நிரம்பி வழிந்தபோது, கீழே பாலாற்றிலும் வெள்ளம் புரண்டது. மேலே ஒரு கரை காக்கப்படுவது கீழே நூறு ஊர்களுக்குக் காவலாகும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர். தந்தையார் இருளில் இறங்கி இருளில் ஏறினார். மைந்தர் இருளில் புறப்பட்டு இருளில் வருகின்றனர். இத்தகையோர்க்கு ஞாயிறு ஒரு நாள் நீரும் நிழலும் காண்பது ஆடம்பரம் அன்று, மருந்து.

சென்ற முறை குடும்பத்தோடு அங்குச் சென்று உண்டெழுந்தபோது, என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, இந்தத் தட்டையெல்லாம் எங்கே போடுறது?” சுற்றிலும் பார்த்தேன். எங்களுக்கு முன் வந்தோர் விட்டுச்சென்ற தட்டுகளும் பைகளும் நீர் விளிம்புவரை கிடந்தன. இளமையில் நானும் இலையை அங்கேயே எறிந்து வந்தவன்தான். இலை மக்கிற்று, இவை மக்கா. நாணினேன். எங்கள் தட்டுகளையும், கைக்கெட்டிய பிறர் தட்டுகளையும் மூட்டையாகக் கட்டி வீடு கொண்டுவந்தோம்.

நுளம்பர் கட்டினர், ஒய்சளர் கட்டினர், கம்பெனியார் காத்தனர். இப்போது முறை நம்முடையது. நமக்கு மண்வெட்டி வேண்டா. கூடை ஒன்று போதும். ஆண்டுதோறும் நம் சங்கத்தார் ஒரு ஞாயிறன்று அங்குக் கூடிக் கரையைத் துப்புரவு செய்து, பின் ஒருங்கமர்ந்து உண்ண வேண்டுமென இம்மலர் வாயிலாக வேண்டுகின்றேன். பொன் போய்விட்டது; மீண்டும் வருமோ, வாராதோ. நீர் இன்னும் இருக்கின்றது. அதனையேனும் காப்போம்.