உயிரோட இருக்கும்போதே ஒரு கோப்பை: எம். ஜே. கோபாலன்

ஞாயித்துக்கிழமை காலைல ஒரகடத்துல இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டில போனீங்கன்னா, ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் பேனர் கண்ணுல படும். மாபெரும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி, நினைவு சுழற்கோப்பை, முதல் பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு. மேல ஒரு மூலைல மாலை போட்ட போட்டோ. அந்த ஊர் டீமுக்கு இருபது வருஷம் ஓப்பனிங் பௌலிங் போட்ட அண்ணனா இருக்கலாம், பேட் வாங்கிக் கொடுத்த பெரியவரா இருக்கலாம். ஒண்ணு மட்டும் நிச்சயம், அவர் இப்போ இல்ல. உயிரோட இருக்கறவங்களுக்கு நாம பொன்னாடை போத்துவோம், கைதட்டுவோம், அதோட சரி. கோப்பைக்குப் பேர் வைக்கணும்னா ஆள் போயிருக்கணும்.

பெரிய கிரிக்கெட்லயும் இதே கதைதான். சென்னைல புச்சி பாபு டோர்னமென்ட் அவர் 1908-ல இறந்ததுக்கு அப்புறம் வந்தது. ரஞ்சித்சிங்ஜி 1933-ல இறந்தார், அடுத்த வருஷம் ரஞ்சி டிராபி ஆரம்பிச்சது.

அந்த ரஞ்சி டிராபியோட முதல் பந்தைப் போட்டவரைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸும் மைசூரும். மைசூரோட கர்டிஸுக்கு முதல் பந்து போட்டது எம். ஜே. கோபாலன். அந்த மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. மைசூர் 48, மெட்ராஸ் 130, திரும்ப மைசூர் 59. ஏ. ஜி. ராம்சிங் ரெண்டு இன்னிங்ஸும் சேர்த்து 35 ரன்னுக்கு 11 விக்கெட் எடுத்தார். ஸ்கோர்கார்டு அவரோடதுதான், ஆனா முதல் பந்து கோபாலனோடது.

இனிஷியல்ல இருக்கற 'எம்' ஒரு கிராமம். மொரப்பாக்கம். பழைய செங்கல்பட்டு மாவட்டம். நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடமெல்லாம் அப்போ அதே மாவட்டம்தான். 1909-ல அங்க பிறந்த பையன், குடும்பத்தோட சின்ன வயசுலயே திருவல்லிக்கேணிக்கு வந்துட்டார். வேகமா பந்து போடற இந்தப் பையனைக் கண்டுபிடிச்சது சி. பி. ஜான்ஸ்டன்னு ஒரு ஆங்கிலேயர். மெட்ராஸ் கிரிக்கெட்டைக் கட்டினவங்கள்ல முக்கியமானவர், பர்மா ஷெல் கம்பெனில வேலை பார்த்தவர். அவர் கோபாலனைப் பாராட்டிட்டு மட்டும் போகல, அந்தக் கம்பெனியிலயே வேலை வாங்கிக் கொடுத்தார்.

கதைல இதுதான் முக்கியமான இடம்னு எனக்குப் படுது. அப்போ இங்க கிரிக்கெட் ஆடிச் சாப்பிட முடியாது. மாசச் சம்பளம் இருந்தாத்தான் ஒருத்தர் தொடர்ந்து பல வருஷம் ஆட முடியும். நம்ம ஏரியால இன்னைக்கும் பாருங்க, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வர்ற பசங்க இருக்காங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு வேற ஊருக்குப் போயிட்டா, டீம்ல அந்த இடம் காலி. ஒரே டீமுக்கு நீண்ட காலம் ஆடறதுக்குப் பின்னால திறமையும் விசுவாசமும் மட்டும் இல்ல, நிலையான ஒரு வேலையும் இருக்கு.

கோபாலன் 1926–27 சீசன்ல பிரெசிடென்சி மேட்ச்ல இறங்கினார். வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதற ஆட்டம் அது. கிளப்னா, பெரும்பாலும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப். இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட், 1934 ஜனவரில கல்கத்தால இங்கிலாந்துக்கு எதிரா.

இதுல இன்னொரு பக்கம் இருக்கு, ஹாக்கி. கோபாலன் அதுலயும் இந்திய டீம். 1935-ல தியான் சந்த் கூட நியூசிலாந்து டூர் போனவர். 1936-ல ரெண்டு வாசல் ஒண்ணா திறந்துச்சு. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்ஸ், இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் டூர். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் ஃபைனல்ல ஜெர்மனியை 8–1னு அடிச்சு தங்கத்தோட வந்துச்சு. கோபாலனுக்கு இங்கிலாந்துல ஒரு டெஸ்ட்ல கூட இடம் கிடைக்கல. விஜயநகரம் மகாராஜகுமார் கேப்டனா இருந்த டூர் அது, லாலா அமர்நாத்தைப் பாதியிலயே வீட்டுக்கு அனுப்பின டூர். அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

ஆக நம்பரை மட்டும் பார்த்தா ஒரு டெஸ்ட், ஒலிம்பிக் பதக்கம் இல்ல. ஆனா மெட்ராஸுக்கு கால் நூற்றாண்டு ஆடினார். 1952–53-ல மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் அந்த 25 வருஷத்தைக் கொண்டாட ஒரு கோப்பையையே தொடங்கிச்சு. மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் நடுவுல கோபாலன் டிராபி. அவருக்கு அப்போ வயசு நாற்பதுகள்ல.

இதை இங்கிலாந்து வழக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அங்க கவுண்டிக்கு ரொம்ப வருஷம் ஆடினவருக்கு ஒரு 'பெனிஃபிட்' மேட்ச் கொடுப்பாங்க, டிக்கெட் வசூல் அவருக்கு. 1904-ல யார்க்‌ஷயரோட ஜார்ஜ் ஹர்ஸ்டுக்கு 3,703 பவுண்டு வந்துச்சு. ஆனா 1907-ல மிடில்செக்ஸோட ஆல்பர்ட் டிராட் தன்னோட பெனிஃபிட் மேட்ச்லயே நாலு பந்துல நாலு விக்கெட் எடுத்து, அதே இன்னிங்ஸ்ல இன்னொரு ஹாட்ரிக்கும் போட்டார். மேட்ச் சீக்கிரம் முடிஞ்சு வசூல் போச்சு! நல்லா ஆடினதுக்கு தண்டனை மாதிரி. ஒரு நாள் வசூலை நம்பி நிக்கற மரியாதை அது. அதனால எனக்கு மெட்ராஸ் செஞ்சதுதான் பிடிச்சிருக்கு, பணம் தராட்டியும்.

ஏன்னா அந்தக் கோப்பை சும்மா அலமாரில இருக்கல. சிலோனுக்கு அப்போ டெஸ்ட் அந்தஸ்து இல்ல. பெரிய டீம்கள் கப்பல்ல போற வழில கொழும்புல இறங்கி ஒரு நாள் ஆடிட்டுப் போவாங்க. அந்த நிலைமைல மெட்ராஸ்ல ஒருமுறை, சிலோன்ல ஒருமுறைனு மாறி மாறி நடந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆட்டம் அவங்களுக்குப் பெரிய விஷயம். ரெண்டு பக்கமும் ஏற்கெனவே பழக்கம் இருந்துச்சு. 1947-ல சேப்பாக்கத்துல தென்னிந்திய டீமுக்கு எதிரா சிலோனோட எம். சதாசிவம் 215 அடிச்சதை மெட்ராஸ் ரசிகர்கள் ரொம்ப நாள் பேசினாங்க. 1981-ல இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைச்சுது. அதுக்கப்புறம் ஒரு மாநில டீம் கூட ஆடற தேவை அவங்களுக்குக் குறைஞ்சுபோச்சு, கோப்பையும் சீக்கிரமே நின்னுபோச்சு.

உயிரோட இருந்தப்பவே பேர் வாங்கினவர் இவர் மட்டும் இல்ல. 1973-ல தேவ்தர் டிராபி ஆரம்பிச்சப்போ டி. பி. தேவ்தரும் இருந்தார், நூறு வயசைத் தாண்டியும் வாழ்ந்தார். ஆனா கோபாலன் கோப்பை அதுக்கு 20 வருஷம் முன்னாடி. 2003 டிசம்பர்ல கோபாலன் இறந்தப்போ, உயிரோட இருந்த டெஸ்ட் வீரர்கள்லயே மூத்தவர்னு கருதப்பட்டார். தன் பேர்ல இருந்த கோப்பை தொடங்கினதையும் பார்த்தார், நின்னதையும் பார்த்தார். சேப்பாக்கத்துல ஒரு நுழைவாயிலுக்கு அவர் பேர் இருக்கு.

உங்க ஊர்ல, இன்னும் ஆடிட்டிருக்கற ஒருத்தர் பேர்ல கோப்பை நடத்தறாங்கன்னா எங்களுக்கு எழுதுங்க. முடிஞ்சா அவரையே இங்க மைக் முன்னாடி உட்கார வெச்சுப் பேசிடலாம்.