வெற்றியை எண்ணினால் மட்டும் போதுமா?



நேற்றுப் பின்னேரம் கலஹா டவுனில் தேத்தண்ணிக் கடையொன்றில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் போனைப் பார்த்துப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். லைட்வெயிட் குத்துச்சண்டையில் சிறந்த வெற்றிக் கணக்கு யாருடையது? ஒருவர் மேவெதர் என்றார், மற்றவர் சாவேஸ் என்றார். "சேர், நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் வந்துவிட்டதால் பாதிதான் சொன்னேன். மிச்சம் இங்கே.

லைட்வெயிட் என்றால் 135 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 61 கிலோவுக்கு மேற்படாத எடை. இதை மறந்தால் கணக்கே பிழைத்துவிடும். மேவெதரின் 50-0 உண்மைதான். ஆனால் அவர் 2002இல் காஸ்டியோவை வென்று இந்த எடையின் பட்டத்தை எடுத்தார். 2004இல் மேல் எடைக்குப் போய்விட்டார். அந்த 50இல் மிகச் சிலதான் லைட்வெயிட் போட்டிகள்.

மெக்சிகோவின் சாவேஸ் 1993இல் வைட்டேக்கருடன் சமநிலையில் முடிக்கும்வரை 87 போட்டிகளில் 87 வெற்றி. பிரமிப்பான கணக்கு. ஆனால் 1987இல் ரொசாரியோவை வீழ்த்தி லைட்வெயிட் பட்டம் பெற்றவர், இரண்டு வருடத்துக்குள் அந்த எடையை விட்டுவிட்டார்.

பழைய காலத்தில் பென்னி லியோனார்ட் இருந்தார். 1917 முதல் 1925 வரை அவர்தான் சம்பியன். அவருடைய வெற்றிகளை எண்ணுவதே கஷ்டம். அக்காலத்தில் அமெரிக்காவின் சில மாநிலங்களில் புள்ளி வைத்து வெற்றி தோல்வி அறிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இருவரும் கடைசிவரை விழாமல் நின்றால் முடிவே கிடையாது. மறுநாள் பத்திரிகைக்காரர் எழுதியதுதான் முடிவு. அவற்றைச் சேர்த்தால் ஒரு எண்ணிக்கை, விட்டால் வேறு எண்ணிக்கை.

என்னுடைய தெரிவு பனாமாவின் ரொபர்ட்டோ துரான். மொத்தம் 103 வெற்றி, 16 தோல்வி. "16 தோல்வியா?" என்று பொடியன்கள் சிரித்தார்கள். அதில் 15 அவர் மேல் எடைகளுக்குப் போன பிறகு வந்தவை. 1972இல் கென் புக்கானனை வென்றதிலிருந்து 1979இல் பட்டத்தை விட்டுக்கொடுக்கும்வரை 12 முறை அதைக் காத்தார். அந்த எடையில் தோற்றது ஒரே ஒரு தடவை: 1972 நவம்பரில், பட்டத்துக்கு அல்லாத ஒரு போட்டியில், புவேர்ட்டோ ரிக்கோவின் எஸ்தெபான் டி ஹெசூஸிடம்.

துரான் அவரைத் தவிர்க்கவில்லை. 1974இல் திரும்ப மோதினார். முதல் சுற்றிலேயே மறுபடி கீழே விழுந்தார். எழும்பி, 11ஆம் சுற்றில் வீழ்த்தினார். 1978இல் டி ஹெசூஸும் சம்பியனாக இருந்தபோது மூன்றாம் முறை மோதி, 12ஆம் சுற்றில் வென்றார். என் பார்வையில் 87-0ஐ விட இந்த இரண்டு வெற்றிகள் பாரமானவை.

இதை எழுதக் காரணம் குத்துச்சண்டை மட்டுமல்ல. போன வருடம் வலய மட்டப் பேச்சுப் போட்டியில் தோற்ற என் மாணவன் ஒருவன், இந்த வருடம் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறான். "தோத்தா கேலி பண்ணுவாங்க சேர்." வீட்டிலும் பள்ளியிலும் நாங்கள் பிள்ளைகளுக்கு 50-0ஐத்தான் காட்டுகிறோம். விழுந்து எழும்பிய 103-16ஐக் காட்டுவதில்லை.

இன்னொன்று. 1989இல் டி ஹெசூஸ் எய்ட்ஸ் நோயால் மரணப் படுக்கையில் கிடந்தார். அந்த நோயாளியைத் தொடவே உலகம் பயந்த காலம் அது. துரான் தேடிப் போய் அவரைக் கட்டியணைத்தார். தன்னைத் தோற்கடித்த மனிதரை.

அந்தப் பொடியன்கள் மூன்று பேரும் இதை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் தெரிவு யார்?