நகத்தில் இருப்பது சாயக்கறையா, நோயா? திருப்பூர் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

சாயப்பட்டறையில் வேலை செய்பவரின் விரல்களைப் பார்த்தாலே அன்று என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடலாம். நகத்தில் ஏறிய சாயம் சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. இதனாலேயே நகத்தின் நிறமோ வடிவமோ மாறினால் "சாயம்தான், போய்விடும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கறைக்குள் சில நேரம் நோயும் மறைந்திருக்கும்.

நகம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கை விரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லி மீட்டர் வளரும். அது முழுவதும் புதிதாக முளைக்க ஏறக்குறைய 6 மாதமும், கால் பெருவிரல் நகத்திற்கு 12 முதல் 18 மாதமும் ஆகும். சாயக்கறை என்றால் வலி இருக்காது, நகம் தடிக்காது. சில நாள் விடுப்பில் இருந்தால் அடியில் தெளிவான புது நகம் முளைத்து, கறை நுனியை நோக்கி நகரும். நகம் தடித்தாலோ, பொடிந்தாலோ, தோலை விட்டுப் பிரிந்தாலோ, சுற்றிலும் வீங்கினாலோ அது வெறும் கறையல்ல.

நகச்சுற்று

நகமும் தோலும் சேரும் இடத்தை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கிறது. பிளீச்சிங்கில் பயன்படும் காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, சாயமேற்றப் பயன்படும் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றில் கை நாள் முழுக்க நனைந்தால் அந்தத் தோல் அரிக்கப்பட்டு விலகிவிடும். அந்த இடைவெளி வழியாகக் கிருமிகள் நுழைகின்றன. வீட்டில் ஓயாமல் பாத்திரம் கழுவும் பெண்களுக்கும் இது வரும்.

திடீரென வீங்கி வலித்தால், வெதுவெதுப்பான நீரில் விரலை 15 நிமிடம் வைத்து எடுக்கலாம். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை இப்படிச் செய்த பின் நன்றாகத் துடைக்க வேண்டும். விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகி வைப்பது நம் வீடுகளில் பழக்கம். புண்ணுள்ள தோலை அது மேலும் எரிக்கும். சீழ் கட்டியிருந்தால் ஊசியால் நாமே குத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆறு வாரத்திற்கு மேல் நீடிக்கும் நகச்சுற்றுக்கு முதல் மருந்து, கையை ஈரத்திலிருந்து காப்பதுதான்.

பூஞ்சைத் தொற்று

நகம் மஞ்சளாகித் தடித்து, நுனியில் மாவு போல் உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஈரத்தரையில் நின்று வேலை செய்வோருக்குக் கால் நகத்தில் அதிகம் வரும். சொரியாசிஸும் இதே போல் தோன்றுவதால், நகத்துணுக்கைப் பரிசோதித்து உறுதி செய்வது நல்லது. மாத்திரை தேவைப்பட்டால் கை நகத்திற்கு ஆறு வாரம், கால் நகத்திற்குப் பன்னிரண்டு வாரம் வரை எடுக்க நேரிடும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கியது போல் இருக்கும். பூஞ்சையோ உள்ளே பரவும்.

ஊசிக் காயம்

ஓவர்லாக், பவர் டேபிள் மெஷின்களில் ஊசி நகத்தைத் துளைப்பது உண்டு. துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்ட்டைத் தொடர்வது ஆபத்து. ஊசி முனை உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் தேவை. அடிபட்ட நகத்தின் கீழ் ரத்தம் கட்டிக் கருத்தால், நகம் வளர வளர அந்தக் கருப்பும் முன்னே நகரும். அடிபடாமலே ஒரே நகத்தில் கருங்கோடு தோன்றி, நாளுக்கு நாள் அகலமானால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கலாம்.

உடல்நிலையைக் காட்டும் நகம்

நகம் கரண்டி போல் நடுவில் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். விரல் நுனி பருத்து நகம் உருண்டு வளைந்தால் நுரையீரல், இதயத்தைப் பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலுக்குப் பின் குறுக்கே பள்ளம் விழுந்தால் அது தானே வளர்ந்து மறையும். வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் சிறு அடிகளால் வருபவை. கால்சியம் மாத்திரை தேவையில்லை.

சர்க்கரை நோயாளிகள் கால் நகத்தைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. சதைக்குள் வளர்ந்த ஒரு நகம் விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

• ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை அணியுங்கள். உள்ளே ஈரம் சேர்ந்தால் மாற்றுங்கள்.
• சாயக்கறையைப் போக்கப் பிளீச்சிங் நீரில் கை கழுவாதீர்கள்.
• வேலை முடிந்ததும் கை கால்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒளூ செய்த பின்பும் கால் விரல் இடுக்குகளைத் துடையுங்கள்.
• நாற்பது நாட்களுக்கு மேல் நகத்தை வளரவிடக் கூடாது என்பது நபிவழி. அதற்கு முன்பே வெட்டுவது இன்னும் நல்லது. கால் நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுங்கள். நகவெட்டியைப் பிறரோடு பகிராதீர்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாதவர்களுக்குத் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவரிடம் போனதும் நாம் என்ன வேலை செய்கிறோம், எந்த ரசாயனத்தில் கை நனைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வேலையால் வரும் தோல் நோய்களும் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றவை. சொன்னால்தான் அது சீட்டில் பதிவாகும். ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டால், பிறகு பல வாரக் கூலி போகும். கைதான் நம் பிழைப்பு, அதைப் பேணுவோம்.