தொப்பி ஊசி முதல் காகித வடிகட்டி வரை

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது. ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரிலிருந்து, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பெர்த்தா பென்ஸ் புறப்பட்டார். உடன் வந்தவர்கள் அவருடைய மகன்கள் இருவர். தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. பெட்ரோல் நிலையங்கள் இல்லாத காலம். ஆகவே வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் என்னும் பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். ஓரிடத்தில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். வண்டி மீண்டும் ஓடியது!

இந்த வைத்தியம் நெடுநாள் செல்லுபடியாகவில்லை. ஏன்?

1893-இல் வில்ஹெல்ம் மேபாக், பெட்ரோலை நுண்துளை வழியே பீச்சிக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரை அமைத்தார். இதில் துளைதான் அளவுகோல். துளையில் தூசி சிக்கினால் பெட்ரோல் குறையும், எஞ்சின் திணறும். ஊசியால் குத்தினாலோ துளை விரிந்து பெட்ரோல் மிகுந்துவிடும். மருந்தே நோயாகிவிட்டது! இனி அழுக்கைத் துளைக்கு வருமுன்பே தடுத்தாக வேண்டும்.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில், பெட்ரோல் தொட்டியின் அடியில் சிறு கிண்ணமும் கம்பிவலையும் இருந்தன. பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்த தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கும். வண்டல் வலையில் நிற்கும். திருகைத் திறந்து வடித்துவிடலாம்.

பின்னர் காகித வடிகட்டி வந்தது. மெல்லிய இழைகள் பின்னிய காகிதம், கம்பிவலையில் தப்பும் துகளையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நுண்ணிய துளைகள் ஓட்டத்தைத் தடுக்குமே? அதற்காகவே காகிதத்தை விசிறிபோல் மடித்து வைக்கிறார்கள். பரப்பு பெருகுகிறது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் செல்லவேண்டிய பெட்ரோல் குறைகிறது, அழுத்த இழப்பும் குறைகிறது. சிறிய புட்டிக்குள் பெரிய வடிகட்டி!

1967-இல் போஷ் நிறுவனத்தின் மின்னணுப் பீச்சு முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் இடம்பெற்றது. இதில் பெட்ரோல் அழுத்தத்துடன் வருகிறது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 டீசல் காரில் வந்த 'காமன் ரெயில்' முறையிலோ, அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1300 மடங்குக்கு மேல்! அத்தகைய பீச்சியின் உள்பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துகளும் அங்கே அரம்போல் தேய்த்துவிடும்.

வீட்டிலேயே வடிகட்டியை மாற்ற விரும்புவோர் இவ்வரலாற்றை மறக்கக்கூடாது. கார்புரேட்டர் வண்டியில் இரு கிளிப்புகளைத் தளர்த்தினாலே பெரும்பாலும் வடிகட்டி கையோடு வந்துவிடும். பீச்சு முறை பெட்ரோல் காரில், எஞ்சினை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் நீடிக்கும். அவசரமாகக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் சீறிப் பாயும். கார் தயாரிப்பாளர் கூறும் முறைப்படி முதலில் அழுத்தத்தை இறக்கி, பாட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். சில கார்களில் வடிகட்டி தொட்டிக்குள்ளேயே இருக்கும்; அதை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். அருகில் பீடியும் கூடாது, அடுப்பும் கூடாது. புதிய வடிகட்டியின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

பெர்த்தாவின் ஊசி அடைப்பை நீக்கியது. நம் காகிதம் அடைப்பே வராமல் காக்கிறது. வேளைக்கு அதை மாற்றுவது மட்டும் நம் பொறுப்பு.