முறிந்த எலும்பும் ஊரார் கொடையும்



கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தமிழகமும் கருநாடகமும் கைகோக்கும் சாலையாகும். கேழ்வரகும் மாவும் விளைந்த இந்நிலப்பகுதியில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதனைத் தொடர்ந்து மோட்டார் வாகனங்களும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் பெருகின. தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவோருடன், ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளரும் இன்று இங்கே தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர்.

இத்தகைய ஊரில் ஓர் ஏழைத் தொழிலாளிக்குத் தொடையெலும்பு முறிந்துவிட்டதாக எண்ணிப் பாருங்கள். எலும்பை நேர்செய்து உலோகக் கம்பியோ தகடோ பொருத்தும் செலவு ஒருபுறம். எழுந்து நடக்கும்வரை கூலியின்றிக் கழியும் மாதங்கள் மறுபுறம். உடன் வேலை செய்வோர் ஒரு தாளில் பெயரெழுதிப் பணம் திரட்டுவர். அதே பணி இப்பொழுது கைபேசி வழியாகவும் நடைபெறுகிறது. பெங்களூரில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மிலாப் போன்ற அமைப்புகள், முன்பின் அறியாதாரிடமிருந்தும் மருத்துவச் செலவுக்குப் பொருள் திரட்ட வழிசெய்துள்ளன.

ஏழையின் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பவர் யார்? இக்கேள்வி புதியதன்று. காலந்தோறும் மக்கள் இதற்கு அளித்த விடைகளை வரலாற்றில் காண்போம்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, பதினைந்து நோயாளர் கிடந்து மருந்துண்ணும் ஓர் ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகிறது. அங்கே மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டிருந்தன. மூலிகை கொணர்வோர்க்கும் நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் தனித்தனியே ஊதியம் உண்டு. நோயாளி வந்த பின்னர் ஒருவரும் பொருள் தேடி ஓடவில்லை; நிலக்கொடையின் வருவாய் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அந்த ஆதுலசாலை, கோயிலையும் அதனைச் சார்ந்த கல்விச்சாலையையும் சேர்ந்தவர்க்கே உரியது. அறம் இருந்தது, அதற்கு ஒரு வேலியும் இருந்தது.

ஆறு நூற்றாண்டு கழித்து, 1664-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைக்குள் ஒரு மருத்துவமனை தோன்றியது. அது கம்பெனியின் போர்வீரர்க்காக ஏற்பட்டது. பின்னாளில் சென்னை அரசு பொது மருத்துவமனையாக வளர்ந்த அந்நிலையம், இந்தியர்க்குக் கதவு திறந்தது 1842-ஆம் ஆண்டில்தான். வேலி சற்று விலக ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆயின என்பதை நீங்கள் மறத்தலாகாது.

இனி, எலும்பு முறிவுக்கு வருவோம். எலும்பு முறிந்த நம் கிராம மக்கள் நெடுங்காலமாகக் கட்டுப் போடுவோரையே நாடி வந்தனர். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டு வட தமிழகம் எங்கும் பெயர்பெற்றது. எளிய முறிவுகளுக்கு அது போதும் என மக்கள் நம்பினர்; செலவும் சிறிது. ஆனால் ஆலையும் லாரியும் பெருகிய காலத்தில் எலும்பு தோலைக் கிழித்து வெளிவரும் கொடிய முறிவுகளும் பெருகின. அத்தகைய காயத்தில் கிருமி புகுந்தால் காலுக்கும் கேடு, உயிருக்கும் கேடு. அங்கே கட்டு மட்டும் போதாது, காலமும் பொறுக்காது.

காலத்தின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் இராபர்ட் ஜோன்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் கப்பற்கால்வாய் வெட்டப்பட்டபோது, 1888-இல் அவர் அப்பணியின் தலைமை அறுவை மருத்துவராக அமர்ந்தார். விபத்து மலிந்த அக்கால்வாய் நெடுக முதலுதவி நிலையங்களும் மூன்று மருத்துவமனைகளும் அமைத்து, அடிபட்ட தொழிலாளரை விரைந்து கவனித்தார். முதல் உலகப் போரில் தாமஸ் என்பாரின் சட்டத்தைக் காலில் பொருத்தும் முறையை அவர் பரப்பினார். அதனால், தொடையெலும்பு முறிந்து நூற்றுக்கு எண்பதின்மர் மாண்ட நிலைமாறி, சாவு இருபதுக்கும் கீழே இறங்கியது என்பர். உயிர் காத்தது விரைவும் ஒழுங்குமே.

இந்தியத் தொழிலாளியின் வரலாற்றிலும் இத்தகைய ஒழுங்கு மெல்ல மலர்ந்தது. வேலையில் காயமுற்றவர்க்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. அத்திட்டம் 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும், 1955-இல் நம் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. ஓசூரிலும் அதன் மருத்துவமனை உள்ளது. 2019 ஜூலையில் வகுத்த விதிப்படி, நூறு ரூபாய் ஊதியத்துக்குத் தொழிலாளி 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்துவர். நலமாய் இருப்பவன் இன்று கொடுக்கும் காசே நாளை வீழ்ந்தவனுக்கு மருந்தாகிறது. இதுவும் ஊரார் கொடையே. ஆனால் கையேந்தாமல் பெறும் கொடை. எனினும் ஆலைப் பதிவேட்டில் பெயரில்லாத கூலியாளும் உழவனும் வேலிக்கு வெளியே நின்றனர்.

எல்லைக்கு அப்பால் கருநாடகம் உழவர்க்காக ஒரு வழி கண்டது. 2003-இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டத்தில், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தினர். முதலாண்டிலேயே 16 லட்சம் பேர் சேர்ந்தனர். அரசும் துணைநின்றது. ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திராவில் இதய மருத்துவமனை நிறுவிய டாக்டர் தேவி ஷெட்டி இத்திட்டம் உருவாகத் துணைபுரிந்தவர். 2018-இல் நிறுத்தப்பட்ட அத்திட்டம் 2022-இல் மீண்டும் உயிர்பெற்றது. ஐந்து ரூபாய் சிறு காசுதான். பல லட்சம் பேர் கொடுத்தால் அது பெருநிதியாகும்.

தமிழகத்தில் 2009-இலும் 2012-இலும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என வகுத்தனர். இதன் தனிச்சிறப்பு யாதெனில், அடிபட்டவர் எம்மாநிலத்தவர், எந்நாட்டவர் என்று அது கேட்பதில்லை. தமிழக எல்லைக்குள் வீழ்ந்தால் போதும். பல மாநிலத்தார் ஒன்றாய் உழைக்கும் ஓசூருக்கு இதனினும் பொருத்தமான விதி வேறில்லை.

அப்படியாயின், தாள் நீட்டித் திரட்டும் கொடை வேண்டாவோ எனக் கேட்பீர்கள். வேண்டும். 49-ஆம் மணிநேரத்துக்குப் பிறகும் வலி இருக்கிறது. மறு அறுவையும், ஊன்றுகோலும், குடும்பத்துக்கு அரிசியும் தேவைப்படுகின்றன. அங்கே அன்பர் கொடை அருமருந்து. ஆனால் அக்கொடை, பழக்கம் மிக்கவனுக்கு மிகுதியாகவும், மொழி தெரியாமல் தனியே வந்தவனுக்குக் குறைவாகவும் சேரும் இயல்புடையது. தேவை மிகுந்தவனுக்கே உதவி குறையும். முறிந்த எலும்போ பணம் சேரும்வரை காத்திராது. ஆகவே வீழ்வதற்கு முன்னரே சேர்த்து வைத்த பொதுநிதியே முதற்காவல். வீழ்ந்தபின் திரட்டும் கொடை அதற்குத் துணை.

மாணவர்களே! சாலையில் ஒருவர் வீழ்ந்து கிடந்தால் அவர் யார் என ஆராயாமல், 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஊர்தியை அழையுங்கள். பின்னர் நீங்கள் தொழிலாளராகவோ முதலாளியாகவோ ஆகும்போது, உங்களுடன் உழைப்பவர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். திருமுக்கூடல் கல்லில் பதினைந்து பேருக்கு எழுதிய அறத்தை எல்லாருக்கும் எழுதும் பணி இன்னும் முடிந்துவிடவில்லை.