ஆச்சிமாரின் துடை எலும்பு

கிணத்தடியில் சறுக்கி விழுந்து துடை முறிந்த ஆச்சி இனி எழும்பமாட்டா என்பது எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில் மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு. தாதிப் பயிற்சிக்குப் போகுமுன்பே அதை நான் பல வீட்டு விறாந்தைகளில் கேட்டிருக்கிறேன்.

கை முறிந்தால் சனம் ஒட்டகப்புலத்துக்கு ஓடும். வலிகாமம் வடக்கில் முறிவு வைத்தியத்துக்குப் பெயர்போன ஊர் அது. பரியாரியார் எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, தப்பை வைத்துக் கட்டினால் முன்கை நன்றாகவே பொருந்தும். இடுப்பு மூட்டை ஒட்டிய துடை எலும்பின் கழுத்து மட்டும் யாருக்கும் மசியவில்லை. பரியாரியாரின் கைராசியில் குறையில்லை. துடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அந்தக் கழுத்தோடுதான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்து, தலை செத்துவிடக்கூடும். அதற்குக் கீழே முறிந்தால் ஒட்டும். ஆனால் மாதக்கணக்கில் கிடக்கவேண்டும். அதற்குள் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் முந்திக்கொள்ளும்.

இங்கிலிசு வைத்தியமும் ஆரம்பத்தில் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்று நூல்களும் இரண வைத்திய நூலும் தமிழில் அச்சேறின. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆனாலும் முறிந்த துடைக்கு அக்காலத்தில் வழக்கமான வைத்தியம் நீண்ட பலகையும், பாரம் தொங்கவிட்ட இழுவையும்தான்.

துடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கும் வழியை 1940இல் அமெரிக்காவில் ஒஸ்டின் மூர் காட்டினார். 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சாண்லி உருக்குக் குண்டையும் பொலித்தீன் கிண்ணத்தையும், பல் வைத்தியத்தில் பழகிய அக்ரிலிக் சீமெந்தால் எலும்போடு பொருத்தினார். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ 1990க்குப் பிந்திய போர் ஆண்டுகள் இடப்பெயர்வும் இருட்டும் மருந்துத் தட்டுப்பாடும். செஞ்சிலுவைப் பாதுகாப்பில் இயங்கிய யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஷெல் காயக்காரர் முன்னுக்கு நின்றார்கள். ஆச்சிமாரின் துடை பின்னுக்குப் போனது.

இன்று மகள்மார் என்னிடம் கேட்பது, "அக்கா, எந்தக் கம்பனிச் சாமான் நல்லது?" என்றுதான். கம்பனியைவிட எலும்பைப் பாருங்கள் என்பேன். எலும்புத் தேய்வுள்ள பெண்ணின் துடை எலும்பு சுவர் மெலிந்து, உள்ளே அகன்று, பழைய பப்பாசித் தண்டு மாதிரி இருக்கும். உலோகத் தலையைத் தாங்கும் தண்டைச் சீமெந்தில்லாமல் அடித்து இறுக்கும்போதோ பிறகோ அந்த எலும்பு வெடிக்கலாம். சீமெந்து வைத்த தண்டில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் சீமெந்து வைக்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் சடாரென்று விழக்கூடும். இருதய, நுரையீரல் வருத்தக்காரருக்கு மயக்க மருந்து வைத்தியரின் கண் கூடுதலாக வேண்டும். வீட்டுக்குள் மட்டும் நடமாடும் ஆச்சிக்குத் தலையை மாத்திரம் மாற்றும் அரை மாற்று போதும். கோயிலுக்கும் சந்தைக்கும் தனியே போய்வருபவவுக்குக் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முழு மாற்றைப் பற்றிக் கேட்கலாம். அதில் மூட்டு விலகும் வாய்ப்புக் கொஞ்சம் கூட. கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால் பெரும்பாலும் மூட்டே மாற்றத் தேவையில்லை. ஆணியோ தகடோ வைத்துப் பிடிப்பார்கள்.

எதை வைத்தாலும், ஆச்சியை அடுத்த நாளே எழுப்பி நடத்தப் பார்ப்பதுதான் இன்றைய முறை. பழைய தீர்ப்பை மாற்றியது அந்த எழும்பல்தான். உலோகம் எலும்புத் தேய்வை மாற்றாது. ஆகவே வீட்டுக்குத் துண்டு வெட்டும் நாளில் கல்சியம், விற்றமின் டி, எலும்பை இறுக்கும் மருந்து பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கிணத்தடிப் பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். ஒரு துடை முறிந்தவவுக்கு மற்றத் துடையும் முறியும் ஆபத்து உண்டு.