ஆயிரம் அறிவுரையும் ஒரு வீச்சும்

கோல்ஃப் ஆட்டத்தை நான் ஒரு நாளும் ஆடியவன் அல்லன். அதன் மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும், அவ்வாட்டத்தைக் கற்பித்தவர்களின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவனுக்கு, பிற ஆசிரியர்கள் எங்கே வென்றனர், எங்கே தவறினர் என்று அறிவதில் தனி ஆர்வம் உண்டு அல்லவா? கற்பித்தலின் நிறைகுறைகளை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆட்டம் எளியதே. அசையாமல் கிடக்கும் ஒரு சிறு பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவில் உள்ள குழியில் குறைந்த அடிகளில் சேர்க்க வேண்டும். இளைஞர் வில்வித்தையை மறந்து இதில் மூழ்கினர் என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. தடை மறைந்தது; ஆட்டம் வளர்ந்தது. அதனைக் கற்பிக்கும் முதல் நூல் 1857-இல் வெளிவந்தது. அன்று தொடங்கி வெளிவந்த நூல்கள் எண்ணில. அவற்றுள் ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும். இடக்கையே தலைமை என்பார் ஒருவர். வலக்கையே என்பார் மற்றொருவர். இடுப்பை முதலில் திருப்புக என்பது ஒரு நூல். இடுப்பை மறந்துவிடுக என்பது வேறொரு நூல். இவர்கள் எல்லோரும் அறியாதவர்களா? இல்லை. பலர் அவ்வாட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர்கள். அங்ஙனமாயின் இம்முரண்பாடு எங்கிருந்து வந்தது?

முதற் காரணம், கருவி மாறியது. ஹாரி வார்டன் என்னும் வீரர் 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்றார். அவர் காலத்தில் மட்டையின் காம்பு ஹிக்கரி என்னும் மரத்தால் ஆனது. வீசும்போது அம்மரம் முறுகும். ஆகவே மணிக்கட்டைப் பதமாகச் சுழற்றி அதனை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. 1929-இல் பிரிட்டனிலும் எஃகுக் காம்புக்கு இசைவு கிடைத்தது. எஃகு அவ்வாறு முறுகுவதில்லை. கருவி மாறிய பின்னரும் பழைய அறிவுரைகள் நூல்களில் நிலைத்தன. மரத்துக்குச் சொன்னதை எஃகுக்கும் பொருத்தியவர்கள் இடர்ப்பட்டனர்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. அமெரிக்க வீரர் பென் ஹோகன் 1957-இல் எழுதிய ‘ஐந்து பாடங்கள்’ என்ற நூல் உலகப் புகழ் பெற்றது. ஹோகனுக்கு இளமையில் ஒரு குறை இருந்தது: அவர் அடித்த பந்து இடப்புறமாக வளைந்து ஓடியது. அதனைத் தடுக்கத் தம் பிடியை மாற்றிப் பல்லாண்டு உழைத்து வென்றார். அவ்வாறு கண்ட பிடியையே நூலில் எழுதினார். ஆனால், புதிதாக ஆடுவோருள் பெரும்பாலோருக்குப் பந்து வலப்புறமாகவே வளையும். ஒருவர் நோய்க்கு ஆன மருந்தை, அதற்கு மாறான நோயுடையவர் உண்டால் என்னாகும்?

மூன்றாவது காரணம், உணர்ச்சியும் உண்மையும் வேறாயிருந்தமை. மட்டை வீசப்பட்ட திசையில் பந்து புறப்படும். பிறகு மட்டையின் முகம் நோக்கிய பக்கம் வளையும் என்று பயிற்றுநர் பலர் நெடுங்காலம் கற்பித்தனர். இந்நூற்றாண்டில் ராடார் கருவிகளைக் கொண்டு அளந்தபோது, பந்து பெரும்பாலும் முகம் நோக்கிய திசையிலேயே புறப்படுகிறது என்பது உறுதியாயிற்று. திறமையாக ஆடியவர்களே தாம் என்ன செய்தோம் என்பதைத் தவறாக எடுத்துரைத்தனர். செய்ய வல்லவர் எல்லோரும் சொல்ல வல்லவர் ஆகார்.

அப்படியானால் கற்பவனுக்கு உதவுவது எது? இங்கே ஏர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பயிற்றுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், 1916-இல், அவர் தம் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அவ்வாண்டிலேயே ஊன்றுகோலுடன் ஆட்டக்களம் சென்று, ஒற்றைக் காலில் நின்று ஆடி, பதினெட்டுக் குழிகளை 83 அடிகளில் முடித்தார். இரு காலும் நலமாக உள்ள பெரும்பாலோர்க்கும் எட்டாத கணக்கு அது! கால், இடுப்பு, தோள் என்று நூல்கள் விதித்தவற்றுள் பலவற்றை அவரால் செய்யவே இயலாது. எனினும் பந்து நேரே சென்றது. மட்டையின் தலையை வீசுவதே மனத்தின் வேலை. உறுப்புகள் தாமே அதனைப் பின்தொடரும் என்று அவர் தெளிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று கற்பித்தபோது, கைக்குட்டையின் முனையில் ஒரு பேனாக்கத்தியைக் கட்டி ஊசல்போல் ஆட்டிக் காட்டுவார். அவரிடம் பயின்ற வர்ஜீனியா வான் வீ என்னும் பெண்மணி 1932, 1933, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்றார்.

பின்வந்த ஆய்வும் இதனை ஒட்டியே அமைந்தது. மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழ கால் நொடியே ஆகும். பந்தும் மட்டையும் தொட்டிருப்பதோ ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இதற்குள் ஐந்து விதிகளை நினைப்பது எங்ஙனம்? 1999-இல் காப்ரியேலே வுல்ஃப் முதலிய ஆய்வாளர்கள், முன்பு கோல்ஃப் ஆடியறியாதவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தம் கைகளின் அசைவைக் கவனித்தனர்; மற்றவர் மட்டையின் வீச்சைக் கவனித்தனர். மட்டையைக் கவனித்தவர்களே இலக்கை நெருங்கினர். பின்னொரு நாள் சோதித்தபோதும் அவர்களே முந்தினர்.

இதனால் ஆசிரியரே வேண்டா என்பது பொருளன்று. பிடி, நிற்கும் நிலை, இலக்கு நோக்கல் ஆகியவை வீச்சுக்கு முன்னே அமைபவை. அவற்றை ஆர அமர நினைத்துத் திருத்தலாம். வீச்சு தொடங்கிய பின்னர் ஒரே எண்ணம் போதும். ஜாக் நிக்லஸ் தம் பத்தாம் வயதில், 1950-இல், ஜாக் கிரௌட் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். பெரும்பட்டங்கள் பல வென்ற பின்னரும் ஆண்டுதோறும் அவரிடமே திரும்பி வந்து, அடிப்படைப் பாடங்களை மீண்டும் தொடங்கினார். ஆசிரியர் பலரைத் தேடி ஓடாமல் ஒருவரிடம் நிலைத்தது அவருடைய வலிமை.

இதையெல்லாம் படிக்கும்போது என் நெஞ்சில் ஒரு முள் உறுத்தும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், நீளம் தாண்டுவதில் வல்ல ஒரு மாணவன் எனக்குக் கிடைத்தான். பயிற்சியில் கற்ற அனைத்தையும் அவனுக்கு ஊட்ட விரும்பினேன். முழங்காலை உயர்த்து, தலையை நிமிர்த்து, கையை முன்னே வீசு, அடியை எண்ணு என்று ஒவ்வொரு நாளும் ஒரு திருத்தம். நாளுக்கு நாள் அவன் தாண்டும் தொலைவு குறைந்தது. சோம்பல் என்று கடிந்துகொண்டேன். ஒரு நாள் அவன், “ஐயா, நீங்கள் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடுகிறேன், பலகை வந்ததே தெரியவில்லை,” என்றான். அதன்பின் அவன் ஆடுகளத்துக்கு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஏர்னஸ்ட் ஜோன்ஸின் கதையைப் படித்த பிறகே, சோம்பல் யாருடையது என்பது எனக்கு விளங்கிற்று. எது தேவை என்று ஆராயாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே என் சோம்பல். அதன்பின் வந்த மாணவர்களுக்கு மணலில் ஒரு கைக்குட்டையை விரித்து, “இதைத் தாண்டு,” என்று மட்டும் சொன்னேன். அவர்கள் நன்றாகவே தாண்டினார்கள். முதல் மாணவனுக்கு அதைச் சொல்லும் வாய்ப்புத்தான் எனக்குக் கிட்டவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுக்கும் அறிவுரை கூறுவோர் பலர் இருப்பர். அவர்கள் தம்முள் முரண்படவும் செய்வர். அப்போது மயங்காதீர்கள். இவ்வுரை எக்காலத்துக்கு, எக்கருவிக்கு, யாருடைய குறைக்குச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். உங்களுக்குப் பொருந்துவதை முன்கூட்டியே பயின்றுகொள்ளுங்கள். களத்தில் இறங்கிய பின்னரோ, இலக்கை மட்டும் நினையுங்கள்.